கிழக்குச் சுவரோரம்

பெரியபட்டினம்
11 ஜனவரி 2025

காஜா நவாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது கடமையில்லை, அதனால் விசாரிக்கவில்லை.

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் பாதியில் துண்டித்துவிட்டு, "டவர் கெடைக்கல ராத்தா" என்பாய். காகிதத்தைத் துண்டிக்க முடியாது. பர்வேஸின் மச்சான் திங்கட்கிழமை ஷார்ஜா வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரித்திருந்தால் தெரியும்.

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் செயலாளர் ஹமீது சுல்தான் வாசலில் வந்து நின்றார். கையில் சென்னையிலிருந்து வந்த ஒரு கடிதம். "இது ஒங்க தம்பி கையெழுத்தான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். எட்டாம் வகுப்பில் வாப்பாவின் கையெழுத்தை நீயே போட்டு மார்க் அட்டையைத் திருப்பிக் கொடுத்த ஆள். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?

நம் மையவாடியில் கிழக்குச் சுவரோரம் அடக்கியிருக்கிற அந்நியர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆள் என்று எழுதியிருக்கிறது. 1944இல் கடலில் விழுந்த குண்டு போடும் விமானத்தில் இருந்தவராம். அவர் எலும்பைத் தோண்டி எடுத்து, சோதித்துப் பார்த்து, சென்னையில் இருக்கும் போர்க் கல்லறைக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். அந்தக் கபரைத் தலைமுறையாகப் பராமரிக்கும் குடும்பத்தின் ஆண் வாரிசு என்கிற முறையில் உனக்கு ஆட்சேபணை இல்லையாம். வருடம் முழுக்க ஷார்ஜாவில் துணிக்கடையில் நிற்கிறவர் பெரியபட்டினத்துக் கபருக்குப் பராமரிப்பாளர்! நல்ல கூத்து.

மின்ஹாவின் நிக்காஹ் அன்று தலைவலி என்று உம்மாவின் அறையில் போய்ப் படுத்தாயே, நினைவிருக்கிறதா? பாவம், பயணக் களைப்பு என்று சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் உம்மாவின் பெட்டியைத் திறந்து, அடியில் வெற்றிலைத் துணியில் சுற்றியிருந்த சிவப்பு வில்லையைப் போட்டோ எடுத்திருக்கிறாய். என் வீட்டில், என் மகள் கல்யாணத்தில், என் காபியைக் குடித்துக்கொண்டு.

ஆட்சேபணை இருக்கிறது என்று உடனே எழுதிப் போடு. காரணம் கேட்காதே. அந்தச் சுவரோரம் ஒரு மண்வெட்டிகூடப் படக் கூடாது.

மஜீதா

*

ஷார்ஜா
28 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ராத்தா அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடமைக்கு வந்த சலாமுக்குக் கடமைக்குப் பதில்.

பெட்டியைத் திறந்தது நான்தான். அது என் உம்மாவின் பெட்டியும்கூட. "என் வீட்டில், என் வீட்டில்" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நான் ஒரு நாளும் அதைக் கேட்டு வாய் திறந்ததில்லை. லீவுக்கு வந்தால் பெண்டாட்டி வீட்டில் விருந்தாளி, பிறந்த வீட்டில் அதைவிடப் பெரிய விருந்தாளி. ஊரில் எனக்கென்று இருப்பது உம்மாவின் கபர் ஒன்றுதான். வந்து இறங்கியதும் பையை வைத்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதிவிட்டு எழுந்தால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் பர்வேஸின் வலையில் ஒரு இரும்பு விசிறிக் கை சிக்கியது. பள்ளிவாசல் மினாராவும் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் வலை விடக் கூடாது, அங்கே ஏரோப்ளேன் கிடக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். பையன்கள் அந்த விசிறியை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அது எந்த விமானம் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் எண்ணோடு எழுதினார்.

1944 ஆகஸ்டில் இலங்கையிலிருந்து கிளம்பியது. எட்டுப் பேர். ஒரு என்ஜின் எரிகிறது என்று ரேடியோவில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. நான்கு உடல்கள் சேதுக்கரைப் பக்கம் ஒதுங்கின, பட்டாளத்து லாரி வந்து எடுத்துப் போனது. மீதி நான்கு பேரைக் காணவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் ரேடியோவில் பேசியவர். லெனார்ட் ஃபிங்க், இருபத்திரண்டு வயது. அந்தப் பெயரைப் படித்ததும் உம்மாவின் பெட்டியில் இருந்த வில்லை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அதை எடுத்து விளையாடி, கிழக்குச் சுவரோரம் கிடக்கிறவருடையது, தொடாதே என்று உம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். படம் அனுப்பினேன். அதே பெயர், அதே எண்.

அவருடைய அக்காள் மகள் எஸ்தர் என்று ஒரு அம்மா மான்செஸ்டரில் இருக்கிறார். எண்பத்தொரு வயது. அந்தப் படத்தைப் பார்த்த மூன்றாம் நாள் நன்றி என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதினார்.

இதில் நான் செய்த குற்றம் என்ன? அந்தக் கபரின் தலைமாட்டு மீசான் கல்லை மூன்று வருடத்துக்கு முன் கருவேலம் அழிக்க வந்த ஜேசிபி தள்ளிவிட்டது. அதனால் கிழக்குச் சுவரோரம் ஏழெட்டு இடத்தில் தோண்டிப் பார்ப்பார்கள். பெருநாள் முடிந்து ஏப்ரல் எட்டாம் தேதி வருகிறார்கள். உம்மா இருப்பது மேற்கே, வாசல் பக்கம், வாப்பாவின் அருகில். அங்கிருந்து அறுபது எழுபது அடி. உம்மாவுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.

உங்களுக்குத்தான் என்ன இடைஞ்சல் என்று தெரியவில்லை. காரணம் சொல்லாத உத்தரவுக்குக் கீழ்ப்படிய நான் சின்னப் பிள்ளை இல்லை, எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கையெழுத்தைத் திரும்ப வாங்க மாட்டேன்.

காஜா நவாஸ்

*

பெரியபட்டினம்
10 பிப்ரவரி 2025

காஜா,

நேரில் "நீ" என்கிறவன் எழுத்தில் "நீங்கள்" என்கிறாய். அந்த மரியாதையை நீயே வைத்துக்கொள்.

காரணம் வேண்டுமா? உம்மா உனக்குச் சொல்லாமல் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். வாய் நிற்காதவன் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. அதுவும் சரியாகப் போய்விட்டது.

நம் பாட்டனார் வாவு முகம்மது, உம்மாவின் வாப்பா, இந்த ஊரில் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர். விமானம் விழுந்து ஆறாம் நாள் நம் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியது. துணி இல்லை. முகம் மீன் தின்றது போக மிச்சம். ஆறு நாள் உப்பில் ஊறிய உடம்பில் வெள்ளை ஏது, கறுப்பு ஏது? லாரி வந்து நாலு பேரை எடுத்துப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. பட்டாளத்துக்குச் சொல்லி அனுப்பலாம் என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். பாட்டனார் கிட்டே போய்ப் பார்த்தார். சுன்னத் செய்த உடம்பு. அவ்வளவுதான். "நம்ம புள்ளடா, எந்தக் கப்பல்ல வேல பாத்தானோ" என்றாராம். யூதர்களுக்கும் அந்த வழக்கம் உண்டு என்று இந்தக் கடற்கரையில் யாருக்குத் தெரியும்?

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுது, கிப்லாவைப் பார்க்க அடக்கினார்கள். உம்மாவுக்கு அப்போது ஆறு வயது. கற்பூரம் கரைத்த தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். கழுத்தில் ஒரு கயிறும் அதில் சிவப்பு வில்லையும் இருந்தன. தாயத்து என்று நினைத்துப் பாட்டனார் கழற்றி வைத்தார், சொந்தக்காரர்கள் தேடி வந்தால் காட்டலாம் என்று.

ஒரு மாதம் கழித்து மண்டபம் ரயிலடியில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பெயரைப் படித்தார், எண்ணைப் படித்தார், கடைசி வரியில் யூதன் என்று இருக்கிறது என்றார். பாட்டனார் வீட்டுக்கு வந்து இரண்டு நேரம் சாப்பிடவில்லை. பிறகு சொன்னாராம்: "அல்லா ஒதுக்கிவிட்டான், நான் கழுவி வச்சேன். இனி அவன் பாத்துக்கிருவான், எனக்கு அங்கன வேலயில்ல." வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், அந்தக் கபரைப் புல் மண்டவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா எண்பத்திரண்டு வயது வரைக்கும் வருடா வருடம் பராஅத் இரவுக்கு முன்னால் குழி வெட்டுகிற இருளாண்டியைக் கூப்பிட்டு, ஒரு தூக்குச் சட்டி நெய்ச்சோறு கொடுத்து, அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்வார்.

ஜனாஸா தொழுத மையித்தைத் தோண்டி எடுப்பாயா? டிவியில் தினமும் ஓடுகிற செய்தியைப் பார்த்து ஊரே கொதித்துக்கொண்டிருக்கிறது. நம் மையவாடியில் ஒரு யூதர் என்றால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என்ன பேச்சு வரும்? பாட்டனார் பெயரைத் தெருவில் இழுக்கத்தான் உனக்கு ஆசையா?

இன்னும் ஒன்றும் இருக்கிறது. எழுத வரவில்லை. இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

மஜீதா

*

ஷார்ஜா
19 பிப்ரவரி 2025

ராத்தா,

போதாது.

பாட்டனார் தெரியாமல் செய்தது நல்ல காரியம். தெரிந்த பிறகு மூடி வைத்தது நல்ல காரியமா? அதை நீங்களும் தொடர்ந்து மூடி வைத்தது? ஊர் என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும்! உங்கள் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே பாட்டுத்தான். நான் பத்தாம் வகுப்பு பெயில் ஆனதையும் இப்படித்தான் மூடி வைத்தீர்கள், மூன்று வருடம் படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டு நான் மதுரையில் கடையில் துணி மடித்தேன்.

எஸ்தர் அம்மா எழுதியதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். லெனார்டின் அக்கா, அதாவது எஸ்தரின் தாயார், நாற்பது வருடம் வீடு மாறவில்லையாம். கூரை ஒழுகியது, தெருவே காலியானது, அப்போதும் மாறவில்லை. தம்பியைப் பற்றிக் கடிதம் வந்தால் அந்த விலாசத்துக்குத்தான் வரும் என்று. வயது முற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற அன்றுகூடத் தபால்காரனிடம் புது விலாசம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாராம். அவரும் ஒரு ராத்தாதான். தம்பி எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அது உங்களுக்குப் புரியாது. உம்மா எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். லாக்டவுனில் விமானம் இல்லாமல் இங்கே ஒரே அறையில் ஒன்பது பேரோடு அடைந்து கிடந்தேன். உம்மாவின் முகத்தைப் போனில்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் ஒரு வார்த்தைதான் கேட்டேன். வாப்பா பக்கத்தில்தானே வைத்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றீர்கள். அந்த ஒரு ஆமாமைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதம் நான் புத்தி கலங்காமல் இருந்தேன். பிணம் எங்கே என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் தலையில் உட்காரக் கூடாது.

ஏப்ரல் எட்டாம் தேதி தோண்டுவார்கள். நான் லீவு போட்டு வந்து பக்கத்தில் நிற்பேன்.

காஜா நவாஸ்

*

பெரியபட்டினம்
4 மார்ச் 2025, நோன்பு மூன்று

காஜா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நாலாவது முறை கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டி வைத்தேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய்யோடு இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், உனக்குப் பயந்து இல்லை.

உம்மா வாப்பாவின் பக்கத்தில் இல்லை.

2020 ஜூலையில் நடந்ததை நீ பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்து உம்மாவை நேரே மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். மின்ஹாவின் வாப்பாவுக்கும் காய்ச்சல், வீட்டு வாசலில் தகரம் அடித்திருந்தது. தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடை போட்ட நாலு பையன்கள், எல்லோரும் வெளியூர். உதவி செய்ய வந்த பிள்ளைகள், அல்லாஹ் அவர்களுக்கு நன்மை செய்யட்டும். குழியைக் காட்டியதும் வெட்டியதும் இருளாண்டி. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் இருளாண்டி தெருமுனையில் தள்ளி நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னான். அவன் பேச்சை அப்படியே எழுதுகிறேன்: "ஆத்தா, பெரியம்மாவ ஒங்க குடும்பத்துக் குழியிலதான் வச்சேன், கவலப்படாதீக. வருசா வருசம் அந்த உடமரத்தடியத்தான சுத்தம் பண்ணச் சொல்லுவாக, அங்கனதான் வெட்டுனேன். நாலடி போனதும் எலும்பு தட்டுச்சு. அவுக அய்யா எலும்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு ஓரமா ஒதுக்கிவச்சு, பெரியம்மாவ எறக்குனதும் அவுகளுக்குப் பக்கத்துலயே வச்சு மூடிட்டேன். அய்யாவும் மகளும் ஒண்ணா இருக்காக."

பழைய குழியில் புது மையித்து வைப்பது இந்த ஊரில் எப்போதும் நடப்பதுதான், இருக்கிற இடம் அவ்வளவுதான். அவன் மேல் தப்பே இல்லை. எண்பது வருடம் மூடி வைத்த எங்கள் மேல்தான் தப்பு. அது யார் கபர் என்று அவனிடம் யார் சொன்னார்கள்?

மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டாலே முக்காட்டை இழுத்துவிடுகிற உம்மா, காஜா. பெயர் தெரியாத ஒரு ஆணோடு ஒரே குழியில். அன்றைக்குச் சாயந்தரம் நீ போன் செய்தாய். "வாப்பா பக்கத்துலதான வச்சீக ராத்தா" என்று கேட்டு அழுதாய். நீ அப்படி அழுது நான் கேட்டதில்லை. ஆமா தம்பி, பக்கத்துலதான் என்றேன். வேறு என்ன சொல்லியிருப்பேன்? சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க ஒரு நாளும் வாய் வரவில்லை. நீ மூன்று லீவுக்கு வந்தாய். மூன்று முறையும் மேற்கே வெறும் மண்ணில் உட்கார்ந்து யாசீன் ஓதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் வீட்டில் சோறு சாப்பிட்டாய். நான் பரிமாறினேன்.

இருளாண்டியை அந்த இடத்தில் நிற்கச் சொல்லிக் கிழக்குச் சுவர் இடிந்த பக்கம் வெளியில் நின்று பார்த்தேன். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நான் உம்மாவுக்குச் சலாம் சொல்கிறேன், எல்லா வெள்ளிக்கிழமையும். மையவாடியில் சொல்கிற சலாம் அங்கே கிடக்கிற எல்லோருக்கும் போய்ச் சேரும், கபர்வாசிகளே என்றுதானே கூப்பிடுகிறோம். உன்னுடையதும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது தோண்டு. முதல் மண்வெட்டிக்கு வருவது உம்மாதான்.

மஜீதா

*

ஷார்ஜா
15 மார்ச் 2025

மஜீதா ராத்தா,

போய்ச் சேர்ந்திருக்கும் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் கபர்வாசிகளுக்கா சலாம் சொன்னேன்? உம்மாவிடம் பேசினேன். மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். சுகர் வந்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், ராத்தா வீட்ட நல்லா வச்சிருக்கு உம்மா, கவலப்படாதீங்க என்று. வெறும் மண்ணிடம் சொல்லியிருக்கிறேன். மையவாடி வாசலில் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று முறை. ஒரு முறை தப்பு. மூன்று முறை என்றால் அதற்கு வேறு பெயர்.

வீடு உனக்கு, பெட்டி உனக்கு, உம்மாவின் கடைசிக் காலம் உனக்கு. எனக்கு இருந்தது ஆறடி. அதிலும் பொய்யைப் புதைத்துக் கொடுத்திருக்கிறாய்.

தோண்டுவது நின்றுவிட்டது. உனக்காக நிறுத்தவில்லை. சென்னைக்கும் ஹமீது சுல்தானுக்கும் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன், காரணம் எழுதவில்லை. எஸ்தர் அம்மாவிடம் மட்டும் மறைக்கவில்லை, முழுவதையும் சொன்னேன். எண்பது வருடம் காத்திருந்து கிடைத்ததைப் பறிக்கிறாயே என்று திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுதியது இது:

"மூடிய கபரைத் திறக்கக் கூடாது என்றுதான் எங்கள் மார்க்கத்திலும் சொல்லியிருக்கிறது. அவனைக் குளிப்பாட்டினார்கள், தொழுதார்கள், புல் முளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அவள் வீடு மாறியிருப்பாள். அவன் அங்கேயே இருக்கட்டும். அந்த வில்லையை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா? உங்கள் தாயாரின் பெயரையும் எழுதுங்கள். அவனுடைய நினைவு நாளில் விளக்கு ஏற்றும்போது அவர் பெயரையும் சொல்கிறேன். ஆறு வயதில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழந்தை அல்லவா?"

செய்யது நாச்சியா என்று எழுதி அனுப்பினேன். கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் அழுதேன். முகம் தெரியாத ஒரு கிழவி ஒரு நாளில் செய்ததை என் கூடப் பிறந்தவள் ஐந்து வருடம் செய்யவில்லை.

பெருநாளைக்கு வருகிறேன். மார்ச் 29 காலை மதுரையில் இறங்கி நேரே மையவாடிக்குத்தான். இருளாண்டி வந்து இடத்தைக் காட்டட்டும். அவனிடம் சொல்லி வை. நீ என் கண் முன்னால் வராதே. வில்லையை அவனிடமே கொடுத்துவிடு. உன்னை நான் மன்னிக்கவில்லை. பெருநாள் என்பதால் மன்னித்துவிடுவேன் என்று பிரியாணி செய்து வைத்துக்கொண்டு காத்திருக்காதே.

காஜா நவாஸ்

*

பெரியபட்டினம்
22 மார்ச் 2025

காஜா நவாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ திட்டியதை வாங்கிக்கொண்டேன். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நீ பெயிலானதை மூடி வைத்தது நான் இல்லை, உம்மா. நான் அன்றைக்கே வாப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். இதை மட்டும் என் தலையில் கட்டாதே.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பிரியாணியும் செய்யவில்லை. உனக்குச் சுகர் என்று எழுதியிருக்கிறாய், எத்தனை என்று எழுதவில்லை. அது உன் பாடு.

நீ சொன்ன மாதிரி செய்ய முடியாது. இருளாண்டி போன ஆடியில் இறந்துவிட்டான். உனக்குத் தெரியவில்லை, ஊர் குரூப்பில் அதெல்லாம் வராது. சாகிற வரைக்கும் அய்யாவும் மகளும் ஒன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். நான் திருத்தவில்லை. உடைமரத்தையும் ஜேசிபி பிடுங்கிவிட்டது. கல் இல்லை, மரம் இல்லை, மேடும் மழையில் கரைந்துவிட்டது. அந்த நாலு பையன்களும் வெளியூர், கண்ணாடிக்குள் வியர்வை வழிய நின்றவர்களுக்கு எந்த இடம் என்று எங்கே நினைவிருக்கப் போகிறது?

இடம் தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

எழுத்தில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். சுவர் இடிந்த இடத்தில் மூன்றாவது கல்லின் மேல் நின்றால், பள்ளி மினாராவுக்கும் ஐஸ் கம்பெனித் தொட்டிக்கும் நடுவே ஒரு மின்கம்பம் தெரியும். அதற்கு நேராக. நீங்கள் கடலில் விமானத்துக்கு அடையாளம் வைத்த மாதிரி நான் உம்மாவுக்கு வைத்திருக்கிறேன். ஆனால் எத்தனை அடி என்று எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய கண். நாலடி தவறினால் அது வேறு வீட்டு உம்மா. இன்னொரு முறை நீ தப்பான மண்ணில் உட்கார நான் விட மாட்டேன்.

அதனால் என் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணியிலிருந்து கிழக்குச் சுவர் இடிந்த பக்கம், மூன்றாவது கல்லின் மேல் நிற்பேன். வில்லை என் கையில் இருக்கும், போகும்போது சுவரில் வைத்துவிடுகிறேன், எடுத்துக்கொள். நீ வாசல் வழியாக உள்ளே வா. என்னிடம் பேச வேண்டாம், சலாம்கூடச் சொல்ல வேண்டாம். நான் கையை உயர்த்திப் பிடித்திருப்பேன். என்னைப் பார்த்து நடந்து வா.

கையை இறக்குகிற இடத்தில் நில்.

மஜீதா